கொம்புக்குள் ஒரு மேகம்

ரப்பர் ஸ்டாம்பைத் தேடித்தான் சாமித்துரை அந்த டிராயரை இழுத்தார். அது அவருடைய தீப்பெட்டி ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் முத்துகிருஷ்ணனின் மேஜை. ஆள் லேபிள் வாங்க அச்சகத்துக்குப் போயிருந்தான். டிராயரில் ஸ்டாம்பு இல்லை. மஞ்சள் துணியில் எதையோ சுற்றி வைத்திருந்தான். சாமித்துரை பிரித்துப் பார்த்தார்.

சவரக் கத்தி. அந்தக் காலத்துச் சீமைக் கத்தி. பிடி கிடையாது, வெறும் அலகு மட்டும். ஜன்னல் வழியே வந்த சித்திரை வெயில் அதன் விளிம்பில் வெள்ளி நூலாக ஓடிப்போய் நின்றது. எவ்வளவு கூர் என்று பார்க்க முன்கையில் லேசாக வைத்தார். வைத்தது கூடத் தெரியவில்லை. நாலைந்து முடிகள் மேஜைமேல் உதிர்ந்து கிடந்தன.

கத்தியைத் திரும்பத் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கை அவரை அறியாமலே கழுத்தைத் தடவியது.

மூன்று வாரத்துக்கு முந்திய சங்கதி நினைவுக்கு வந்தது.

சாமித்துரையின் தீப்பெட்டிக்கு ஒட்டகச்சிவிங்கி அடையாளம். புது லேபிளுக்கு அச்சகத்திலிருந்து மாதிரி வந்தபோது எழுத்தெல்லாம் நேராக இருந்தது, படம் மட்டும் தலைகீழாக விழுந்திருந்தது. சரிபார்ப்பது முத்துகிருஷ்ணனின் வேலை. அவன் அதை அரைமணி நேரம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். நாலு காலையும் வானத்தில் ஊன்றி, கழுத்தைக் கீழே தொங்கவிட்ட ஒட்டகச்சிவிங்கிகள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கின.

"ஏலே, என்னத்தப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட?"

"மேகத்துல நின்னுக்கிட்டு பூமியில மேயுத மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. நல்லாருந்துச்சு. அதான்..."

குச்சி அடைத்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களுக்கு முன்னால் சாமித்துரை ஒரு லேபிள் கட்டைத் தூக்கி அவன்மேல் எறிந்தார். கட்டு நடுவழியிலேயே பிரிந்துவிட்டது. மேலே சுற்றிய காற்றாடியின் காற்றில் ஒட்டகச்சிவிங்கிகள் மெதுவாகச் சுழன்று சுழன்று இறங்கின. ஒன்று முத்துகிருஷ்ணனின் தலையில் வந்து உட்கார்ந்தது. பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு மத்தியானமே, விவரமில்லாமல், ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாலு நாள் லீவு வேண்டும் என்று வந்து நின்றான்.

"ஒனக்கு லீவு ஒண்ணுதான் கொறச்சல். நீ போகலேன்னா அம்மன் சப்பரத்துல ஏற மாட்டேன்னுட்டாளோ?"

அதற்குப் பிறகு முத்துகிருஷ்ணன் பேசவில்லை. வருவான், வேலை செய்வான், என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவான், கொஞ்சம் சிரிப்பான். சாமித்துரை அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நன்றாகவே இல்லை.

வேலையை விட்டு நிறுத்தலாம். ஆனால் கத்தி வைத்திருப்பவனை வேலையை விட்டும் நிறுத்தினால் அவனுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கும். போலீசுக்குப் போகலாம். அவன் டிராயரை நீங்கள் ஏன் திறந்தீர்கள் என்று முதலில் கேட்பார்கள். வெயிலில் வெளுத்துக் கிடந்த வாசலைப் பார்த்துக்கொண்டே சாமித்துரை ஒரு முடிவுக்கு வந்தார். முத்துகிருஷ்ணன் லேபிள் கட்டோடு உள்ளே வந்ததும் கூப்பிட்டார்.

"முத்துகிருஷ்ணா." தன் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஒங்க ஊர்ல கொடைன்னியே, என்னைக்கு?"

அவன் கட்டைக் கீழே வைத்தான். "வார செவ்வாக் கெழம."

"போயிட்டு வா. நாலு நாள். பத்தலேன்னா அஞ்சு நாள் இருந்துட்டு வா."

முத்துகிருஷ்ணன் அவரையே பார்த்தான். பிறகு தன் மேஜையைப் பார்த்தான். திரும்ப அவரைப் பார்த்தான். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி... நெசமாவா?"

"நெசமாத்தான்யா. சப்பரம் தூக்க ஆள் வேணாமா?"

முத்துகிருஷ்ணன் லீவில் போனான். சாமித்துரைக்கு மனசு லேசாகிவிட்டது. அடுத்த நாள் காலையில் விசில் அடித்துக்கொண்டே வந்து, அந்த டிராயரைத் திறந்து பார்த்தார். மஞ்சள் துணி மட்டும் இருந்தது. கத்தியைக் கையோடு கொண்டுபோயிருந்தான்.

நாலு நாள் கழித்து முத்துகிருஷ்ணன் திரும்பி வந்தபோது நெற்றியில் அம்மன் கோயில் மஞ்சணை, முகமெல்லாம் மலர்ச்சி. நேராக முதலாளியின் ரூமுக்குள் வந்தான். பையிலிருந்து ஒரு முழம் நூலை எடுத்தான்.

"அண்ணாச்சி, வலது கைய ஒருக்கா நீட்டுங்க."

சாமித்துரை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. அவன் பெருவிரல் கணுவிலிருந்து சுண்டுவிரல் நுனிவரைக்கும் நூலைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டான். உள்ளங்கையின் அகலத்துக்கு இன்னொரு முடிச்சு.

"எதுக்குய்யா இது?"

"சும்மாதான். இப்பக் கேக்காதீங்க." நூலைச் சுருட்டிக்கொண்டே சிரித்தான். "காலைல சவரத்துக்கு ஆள் வருதா, நீங்களே பண்ணுதீங்களா?"

"நானேதான்."

"எங்கன வச்சு?"

"பின்னால... கெணத்தடியில."

"ஒத்தையிலதானே?"

சாமித்துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். தலையை மட்டும் ஆட்டினார்.

"நல்லது அண்ணாச்சி" என்று முத்துகிருஷ்ணன் சந்தோஷமாகப் போனான்.

அன்றோடு சாமித்துரை சவரம் செய்வதை நிறுத்தினார். மறுநாள் கழுத்தில் ஒரு மப்ளர் ஏறியது. எந்தக் காலத்திலோ கொடைக்கானலில் வாங்கிய சிவப்புக் கம்பளி மப்ளர். கோவில்பட்டியில் அதைச் சுற்றுவதற்கு இதுவரை ஒரு நாளும் வாய்த்ததில்லை.

"சித்திரையில கழுத்துல என்னங்க இது?" என்றாள் அவர் மனைவி முத்துமாரியம்மாள்.

"தொண்டை சரியில்ல."

அவள் ஒரு செம்பு கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மப்ளரை அவிழ்க்கவில்லை என்பதால் சாயங்காலம் இன்னொரு செம்பு. மப்ளருக்குள் வியர்த்துக் கழுத்தெல்லாம் வேர்க்குரு போட்டது. அதைச் சொறிந்துகொண்டே இருந்ததில் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

இனிமேல் அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதுதான் ஆபத்து என்று சாமித்துரைக்குத் தோன்றியது. முத்துகிருஷ்ணனின் மேஜையைத் தன் ரூமுக்குள்ளேயே கொண்டுவந்து போடச் சொன்னார். ரூம் சின்னது. ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் மாதிரிப் பெட்டிகள் அடுக்கிய அலமாரி. மேஜை போட ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது, அவருடைய நாற்காலிக்குப் பின்னால்.

முதல் நாள் முழுக்க அவர் பிடரிக்குப் பின்னால் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் "கிர்... கிர்..." என்று மெதுவாக எதையோ அராவுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். சத்தம் நின்றது. முத்துகிருஷ்ணன் மேஜைக்கு அடியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

மறுநாளே ஆள் வரவழைத்துக் கேமரா மாட்டினார். திரையைத் தன் மேஜைமேலேயே வைத்துக்கொண்டார். இனித் திரும்ப வேண்டியதில்லை. திரையில் அவர் தலையின் பின்பக்கம் தெரிந்தது. உச்சியில் இவ்வளவு பெரிய வழுக்கை இருப்பது அவருக்கு அன்றுதான் தெரியும். வழுக்கைக்குப் பின்னால் முத்துகிருஷ்ணன் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை உயர்த்தி, அவர் கழுத்தை அளந்துகொண்டிருந்தான்.

அதைப் பார்க்க ஆரம்பித்த பிறகு சாமித்துரைக்கு வேறு வேலை ஓடவில்லை. காகிதங்கள் சேர்ந்தன. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வெளியே கானல் தார்ரோட்டின்மேல் தண்ணீராகத் தளும்பியது. யார் வீட்டுத் தலையணையிலிருந்தோ பிய்ந்த பருத்திப் பஞ்சு ஒன்று ஜன்னல் வழியே வந்து, திரைக்கு முன்னால் நின்று யோசித்துவிட்டு மேலே போனது. சத்தமில்லாத திரையில், குனிந்த தலையும் அசைகிற முழங்கையுமாக முத்துகிருஷ்ணன் எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தான். அந்த அசைவு தொட்டில் ஆடுவது மாதிரி இருந்தது. பயந்துகொண்டிருக்கும்போதே சாமித்துரை தூங்கிப்போனார்.

கனவில் வெடித்துக் கிடந்த கரிசல் காட்டின் நடுவே ஒட்டகச்சிவிங்கிகள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றின் கழுத்திலும், அடியிலிருந்து முடிவரைக்கும், சிவப்பு மப்ளர் சுற்றியிருந்தது. எத்தனை சுற்றிப் பார்த்தும் கடைசியில் ஒரு முழம் கழுத்து மிச்சமாகவே இருந்தது.

"அண்ணாச்சி."

பதறி எழுந்தார். முத்துகிருஷ்ணன் முகத்துக்கு நேரே குனிந்து நின்றான்.

"தாடி விடுதீங்களா?"

"ஆமாய்யா. ஏன்?"

"எடுத்துருங்க அண்ணாச்சி." அவன் குரல் கெஞ்சியது. "ஒங்க மூஞ்சிக்குத் தாடி வேண்டாம்."

"இது... நேர்த்திக்கடன் தம்பி. திருச்செந்தூருக்கு." அவனை அவர் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"எப்ப முடியுது?"

நாள் சொன்னால் அந்த நாளில் வந்து நிற்பான். "முடியாது. ஆயுசுக்கும் விட்டுருதேன்னு வேண்டிக்கிட்டேன்."

முத்துகிருஷ்ணனின் முகம் வாடிப்போயிற்று. "அப்ப நான் இவ்வளவு தூரம் செஞ்சதெல்லாம்..." என்று ஆரம்பித்தவன், மீதியை விழுங்கிக்கொண்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அன்று சாயங்காலம்வரைக்கும் திரையில் அவன் முதலாளியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாமித்துரை தன் டிரைவர் பத்திரகாளியைத் தனியாகக் கூப்பிட்டார். பத்திரகாளி இருபது வருஷமாக அவரிடம் இருப்பவர், கேள்வி கேட்காதவர்.

"ரெண்டு நாள் அந்த முத்துகிருஷ்ணன் பின்னாலயே போங்க. எங்க போறான், என்ன வாங்குதான், யாரப் பாக்கான், எல்லாம் எனக்குத் தெரியணும்."

ரெண்டாம் நாள் மத்தியானம் பத்திரகாளி திரும்பி வந்தார். ரூம் கதவைச் சாத்தினார். முத்துகிருஷ்ணன் சாப்பிடப் போயிருந்தான்.

"மொதலாளி, ஆளு சரியில்ல."

"சொல்லுங்க."

"நேத்து கறிக்கடைக்குப் பின்னால போனாரு. கறி வாங்கல. எருமைக் கொம்பு ஒண்ணு வாங்குனாரு. அதைச் சூரியனுக்கு நேரா பிடிச்சு, ஒத்தக் கண்ணால உள்ள பார்த்துக்கிட்டே கா மணி நேரம் நின்னாரு. வாய் மட்டும் என்னமோ முணுமுணுக்கு."

"கொம்பையா?"

"கொம்பைத்தான். இன்னைக்கு வெள்ளனத்துல சுடுகாட்டுக்குப் போனாரு. அங்கன நிக்குத கருவ மரத்துல ஒரு கொப்பை வெட்டி எடுத்தாரு. மண்ணுல விழாம கையில தாங்குனாரு மொதலாளி. துணியில சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு சைக்கிள்ல ஏறுனாரு."

சாமித்துரை மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

"இன்னொண்ணு" என்றார் பத்திரகாளி மெதுவாக. "அவரு போற எடமெல்லாம் பின்னாலயே ஏழு நாய் போகுது. கொலைக்க மாட்டேங்கு. சும்மா, அவரு சொன்னாப்ல போகுது."

கத்தி மட்டும் என்றால் ஒரு மாதிரி. கத்தி, கொம்பு, சுடுகாடு, நாய். சாமித்துரை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கழுத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது உடம்பில் எந்த இடத்தைப் பத்திரப்படுத்துவது என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார். முத்துமாரியம்மாள் மூன்றாவது கஷாயத்தோடு வந்தாள்.

"எனக்கு எதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"தொண்டைக்கட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது. குடிங்க."

குடித்தார். மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, தலையில் லேபிளோடு நின்ற முத்துகிருஷ்ணனின் முகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதை அவர் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவன் அந்த லேபிளைத் தட்டிவிடவே இல்லை. நாற்பது பேர் சிரித்து முடிக்கும்வரை அது அப்படியே இருந்தது. சாமித்துரைக்குப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது பயத்தைவிட மோசமாக இருந்தது.

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் இடைசெவல் பக்கம் போயிற்று. ரெண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்கு வாய் திறந்து கிடந்தது. தூரத்தில் ஒற்றைப் பனை ஒன்று கானலில் காலில்லாமல் மிதந்தது. பின்சீட்டில் சாமித்துரை, மடியில் பழக்கூடை, கழுத்தில் மப்ளர், முகத்தில் ரெண்டு வாரத் தாடி.

முத்துகிருஷ்ணனின் வீட்டு வாசலில் ஏழு நாய்களும் வரிசையாகப் படுத்திருந்தன. காரைப் பார்த்து ஒன்றுகூட எழவில்லை.

அவன் மனைவி ராதாமணி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "வாங்க அண்ணாச்சி! ஒரு வார்த்தை சொல்லப்படாதா? இவிய பின்னால கொட்டகையில இருக்காவ. வாங்க, வாங்க."

பின்கட்டில் ஒரு வேப்பமரம், அதன் நிழலில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளேயிருந்து "கிர்... கிர்..." சத்தம். ரோமம் கருகுகிற மாதிரி ஒரு வாடை. "இந்தா, யாரு வந்திருக்கான்னு பாருங்க!" என்று ராதாமணி குரல் கொடுத்தாள். சத்தம் நின்றது. கொட்டகையிலிருந்து முத்துகிருஷ்ணன் வெளியே வந்தான். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளைப் பொடி அப்பி, சாம்பல் பூசிய ஆள் மாதிரி இருந்தான். கையில் திறந்த கத்தி.

சாமித்துரையின் கையிலிருந்து பழக்கூடை விழுந்தது. கொய்யாக்கள் நாலா பக்கமும் உருண்டன. அவரும் மண்டி போட்டுவிட்டார்.

"தம்பி, நான் செஞ்சது தப்பு. நாப்பது பேருக்கு முன்னால ஒங்களை அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க. எனக்கு ரெண்டும் பொட்டப் பிள்ளைங்க."

முத்துகிருஷ்ணன் கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்து அவரைத் தூக்கினான். "அய்யோ, என்ன அண்ணாச்சி இது! எந்திரிங்க மொதல்ல! ராதா, தண்ணி கொண்டா!"

ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகு சாமித்துரை எல்லாவற்றையும் சொன்னார். டிராயரைத் திறந்தது, லீவு கொடுத்தது, மேஜையை மாற்றியது, கேமரா, பத்திரகாளி, கொம்பு, சுடுகாடு, நாய். முத்துகிருஷ்ணன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு மெதுவாக அவர் கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கூட்டிப்போனான்.

உள்ளே பலகைத் தட்டுகளில் வரிசையாகப் பிடிகள் இருந்தன. சவரக் கத்திக்குப் போடுகிற பிடிகள். ஒரு சாண் நீளத்தில், இடுப்பு லேசாக வளைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் மினுங்கின. தகரத்தின் ஓட்டை வழியே விழுந்த வெயில் காசுகள் அவற்றின்மேல் அசைந்தன.

"சீமையில பழைய சவரக் கத்தி சேத்து வைக்கவங்க இருக்காங்க அண்ணாச்சி. ஜப்பான்ல ஒருத்தரு இருநூறு வச்சிருக்காரு. பிடி ஒடஞ்சுட்டா எனக்குப் போட்டோ எடுத்து அளவு அனுப்புவாங்க. நான் இங்கன இருந்து செஞ்சு அனுப்புவேன்." ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். "இது பனை. கறுப்புக் கோடு பாருங்க, தூறல் விழுத மாதிரி. இது புளியமரத்து உள்வைரம். இது தேங்காச் செரட்டை. இது தூத்துக்குடிச் சங்கு."

"சுடுகாட்டுக் கருவை?"

"அதை யாரும் வெட்ட மாட்டாங்கள்ல? அதான் வயசாயி உள்ள நல்லா வைரம் பாஞ்சு கெடக்கும்."

"நாயி?"

"கொம்பைச் சூடுகாட்டி இளக்கித்தான் நிமித்தணும். அந்த வாடை சட்டையில ஏறிரும். அதுக பெறவு என்னை எலும்புன்னு நெனச்சுக்கிடுது."

சாமித்துரைக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு வயிறு குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

முத்துகிருஷ்ணன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து ரெண்டு கையாலும் நீட்டினான். "இது ஒங்களுக்கு. ஒங்க கை அளவுக்கு. அடுத்த வாரம் முடிச்சுக் குடுக்கலாம்னு இருந்தேன். நீங்க ஆயுசுக்கும் தாடின்னதும் மனசு ஒடஞ்சுபோச்சு."

எருமைக் கொம்புப் பிடி. ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் தேன் நிறம். ரெண்டு முனையிலும் கருவேல வைரத்தில் சின்னச் சின்னப் பூண்கள். நாள் கணக்கில் உப்புத்தாளில் தேய்த்து, நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்ததில் அது கல் மாதிரியும் இல்லாமல் தோல் மாதிரியும் இல்லாமல் கைக்குள் குளிர்ந்தது. விரல்கள் தாமாகவே இடம் தேடிப் படிந்தன.

"வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க அண்ணாச்சி."

பிடித்துப் பார்த்தார். தேன் நிறத்துக்குள் கருமேகம் ஒன்று திரண்டிருந்தது. கீழ்ப்பக்கம் மெல்லிய சாய்கோடுகளாக மழை இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு அடியில் ஒரு பட்டை கறுப்பு, உழுது போட்ட காடு மாதிரி. கையை லேசாக அசைத்தால் மழை நகர்ந்து நகர்ந்து காட்டைத் தாண்டிப் போயிற்று. ஐம்பத்தாறு வருஷம் அந்த மண்ணில் இருந்தும் இப்படி ஒரு மழையை அவர் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று தெரியவில்லை.

"ஒன்னால அந்த லேபிளைச் சரி பாத்திருக்க முடியாதுதான்யா" என்றார் கடைசியில். "இதைப் பாத்துட்டு இருக்கவனுக்கு எது நேரு, எது தலைகீழு?"

முத்துகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாமித்துரை மப்ளரை அவிழ்த்தார். ரெண்டு வாரம் கழித்துக் கழுத்தில் காற்றுப் பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. "இந்தத் தாடியை எடுக்கணும். இப்பவே. இதுலயேதான் எடுக்கணும். ஆனா சீமைக் கத்தி எனக்குப் பழக்கமில்லயே."

"நான் பண்ணிவிடுதேன் அண்ணாச்சி. படுக்கையில கெடந்த எங்க அப்பாவுக்கு ரெண்டு வருசம் நாந்தான் பண்ணிவிட்டேன்."

வேப்பமரத்து நிழலில் ஸ்டூலைப் போட்டார்கள். ராதாமணி சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, காப்பி போட உள்ளே போனாள். பத்திரகாளி வாசல் பக்கம் நாய்களுக்கு நடுவே உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தார். முத்துகிருஷ்ணன் நுரையைக் குழைத்து அப்பினான். கத்தியை விரித்தான்.

"தலையை நல்லாச் சாச்சுக்கிடுங்க. ஆங், அப்படித்தான்."

அலகு காதடியில் தொட்டபோது சாமித்துரைக்கு ஒரு நொடி மூச்சு நின்றது. பிறகு அது பட்டதாகவே தெரியவில்லை. பழுத்த இலை தண்ணீரில் போவது மாதிரி கன்னத்தில் இறங்கிப் போனது. வேப்பம்பூ ஒன்றிரண்டு நுரையில் விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அந்த மேகம் வந்து நின்றது, சாய்ந்து தூறியது, கரிசலின் வெடிப்புகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. இவ்வளவு நல்ல மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று நினைத்தார். நினைப்பு பாதியில் கரைந்து தூக்கமாக மாறிக்கொண்டிருந்தது.

கத்தி தாடையைச் சுற்றிக் கழுத்துக்கு வந்தது. குரல்வளைக்கு மேல் வந்ததும் நின்றது.

"ஏன் தம்பி நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றான் முத்துகிருஷ்ணன் மெதுவாக. "பிடி கைக்கு எப்படி நிக்குதுன்னு பாத்தேன்."

ராதாமணி காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். புருஷனின் கையிலிருந்த பிடியையும், அதற்கு அடியில் அண்ணாந்து கிடந்த முதலாளியின் கழுத்தையும் பெருமையோடு பார்த்தாள்.

"பத்து வருசமா இவிய பிடி மட்டுந்தான் செய்யுதாவ, அண்ணாச்சி, நீங்க லீவு இல்லேன்ன அன்னைக்கே கத்தின்னு ஒண்ணைத் தேடிப் போயி வாங்கி, மூணு வாரமா ஒக்காந்து தீட்டுனது இதான் மொதத் தடவ, நீங்க அந்த நாலு நாள் லீவு குடுத்த அன்னைக்குத்தான் மனசு மாறி, இதுக்கும் ஒரு பிடியப் போட்டு அண்ணாச்சிக்கே குடுத்துருவோம்னாவ."